விலங்கில்லாமல் ஒரு கல்யாணத்துக்கு

லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் திவ்யா பெண் காவலர். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. அதே வேலையில் இருந்து சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவள் நான் என்பதால், டூட்டி முடிந்து ஸ்கூட்டரை நிறுத்தியதும் மாடி ஏறாமல் நேரே என் சமையலறைக்கு வந்துவிடுவாள். அன்றைக்கு ஸ்டேஷனில் நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்த பிறகுதான் அவளுக்குக் காபி இறங்கும். ஒருநாள் சாயங்காலம் அப்படி வந்தவள், புதுச் சட்டத்தில் சில வகைக் குற்றவாளிகளுக்கு மறுபடியும் கைவிலங்கு போடலாம் என்று வந்திருப்பதாகவும், அதைப் பற்றித் தங்களுக்கு வகுப்பு நடந்ததாகவும் சொன்னாள்.

"ஏங்க்கா, உங்க காலத்துல வெலங்கே போடக் கூடாதுன்னு இருந்துச்சாமே. அப்பறம் எப்பிடித்தான் கூட்டிக்கினு போனீங்க?"

"கையப் புடிச்சித்தான்" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டாள். சிரித்தால் சிரிக்கட்டும், ஆனால் அது நிஜம் என்று எழுதி வைத்துவிடலாமே என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் அப்பா மில் தொழிலாளி. மில் மூடிக்கொண்டு வரும் காலத்தில் வீட்டில் யாருக்காவது சர்க்கார் வேலை கிடைத்தால் போதும் என்று இருந்தது. எனக்குப் போலீஸ் வேலை கிடைத்தது. அம்மா கேட்ட ஒரே கேள்வி, இவ்வளவு நீள முடியை வைத்துக்கொண்டு தொப்பி எப்படிப் போடுவாய் என்பதுதான். பயிற்சியில் ஓடச் சொன்னார்கள், ஓடினோம். சல்யூட் அடிக்கச் சொன்னார்கள், அடித்தோம். சட்டம் சொல்லிக்கொடுத்தார்கள், பாதி நேரம் தூங்கினோம். பயிற்சியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நிஜமான சட்டத்தை நான் ஸ்டேஷனில்தான் படித்தேன். தில்லியில் தீர்ப்பு எழுதுவார்கள், அது காகிதமாக இறங்கி இறங்கி ஒருநாள் எங்கள் ஸ்டேஷன் ரோல் காலுக்கு வந்து சேரும். வந்த மறுநாள் எங்கள் கையும் காலும் வேறு மாதிரி வேலை செய்ய வேண்டியிருக்கும்.

அந்தக் காகிதங்களை எங்களுக்கு வாசித்துக் காட்டியவர் இன்ஸ்பெக்டர் தணிகாசலம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. திருடனைக்கூட 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். அந்த 'நீங்க'வில் திருடனுக்குப் பாதி உயிர் போய்விடும். நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் கைக்குட்டையால் ஒரு தட்டுத் தட்டுவார், பேனாவை மூடாமல் மேஜையில் வைக்க மாட்டார். புதுத் தீர்ப்பு ஏதாவது வந்தால் காலையில் எங்களை வரிசையாக நிறுத்தி, முழுவதையும் நிதானமாக வாசிப்பார். வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றுவார். "எனக்குப் புடிக்கல" என்பார். கண்ணாடியைத் துடைத்துத் திரும்பவும் மாட்டிக்கொண்டு, "நாளையிலேர்ந்து செய்ங்க" என்பார்.

எத்தனை தீர்ப்பு வந்தாலும் இந்த இரண்டு வாக்கியமும் மாறவில்லை. அவருக்குப் பிடிக்காமல், ஆனால் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல், எங்கள் ஸ்டேஷனில் அரசியல் சட்டம் நடந்துகொண்டிருந்தது. பிடித்திருக்கிறது என்று மேடையில் பேசிவிட்டு ஸ்டேஷனில் வேறு மாதிரி நடந்த ஆட்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களோடு ஒப்பிட்டால் எங்கள் ஐயா தங்கம். அப்போது அவரிடம் இதைச் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை.

அப்படி வந்த ஒரு தீர்ப்பு, கைது செய்யும் போலீஸ்காரர் யார் என்று தெரியும்படி பெயர்ப்பட்டை மாட்டியிருக்க வேண்டும் என்றது. கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் வீட்டு ஆளோ தெருக்காரரோ ஒருவர் சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும், எங்கே வைத்திருக்கிறோம் என்று உறவினருக்குச் சொல்ல வேண்டும் என்றெல்லாமும் அதில் இருந்தது. ஐயா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். மறுநாள் நாங்கள் எல்லோரும் பெயர்ப்பட்டை கடையில் நின்றோம். என் பெயர் மங்கையர்க்கரசி. பட்டையில் அவ்வளவு இடம் இல்லை என்று கடைக்காரர் 'மங்கை' என்று வெட்டிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை நான் மங்கைதான்.

அந்தப் பட்டை வருவதற்கு முன்னால் என்னைத் திட்டுகிறவர்கள் 'ஏ, பொம்பளப் போலீசு' என்று திட்டுவார்கள். வந்த பிறகு பெயர் சொல்லித் திட்டினார்கள். பெரிய மார்க்கெட்டில் ஒருமுறை பாதையில் கடை போட்டிருந்த அம்மாவை நகரச் சொன்னபோது, அவர் என் நெஞ்சுப் பக்கம் கண்ணைச் சுருக்கி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "மங்கையாம் மங்கை" என்று ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் அவரும் சிரித்துவிட்டார். கூடையை நகர்த்தினார். பெயர் தெரிந்த ஆளை முழு மனதோடு திட்டுவது கஷ்டம்தான் போலிருக்கிறது.

விலங்கு விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்டேஷனில் வழக்கு எழுதும் ரைட்டரின் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் விலங்குகள் தொங்கும். எல்லாம் ஆம்பளை மணிக்கட்டுக்குச் செய்தவை. ஒல்லியான பெண்களுக்குப் பூட்டினால் வளையல் மாதிரி கழன்று வந்துவிடும். ஒருமுறை கோர்ட்டு வாசலில் ஒரு பெண், "யக்கா, இது கழண்டு கழண்டு உழுவுது, நீயே வச்சிக்க" என்று விலங்கை என் கையில் கொடுத்துவிட்டாள். ஆக, பெண்களைக் கூட்டிப்போகும் நாங்கள் விலங்கு இருந்த காலத்திலும் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தோம். அதனால் விலங்கை வழக்கமாகப் பூட்டக் கூடாது, மனிதனைக் கட்டி இழுத்துப் போவது அவன் மரியாதைக்கு இழுக்கு, அவசியம் என்றால் காரணம் எழுதி நீதிமன்றத்தில் அனுமதி வாங்கு என்று தீர்ப்பு வந்து, அது எங்கள் ஸ்டேஷனில் உறுதியாக நடைமுறைக்கு வந்தபோது ஆண் காவலர்கள் முகம் தொங்கியது. எங்களுக்கு ஒன்றும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கையைப் பிடிப்பதிலும் முறை இருக்கிறது. கைதியின் வலது கையை நம் இடது கையால் பிடிக்க வேண்டும். விரலோடு விரல் கோத்து, கட்டை விரலால் மேலே ஒரு அழுத்து. அப்போது அவர் வலது கையால் எதுவும் செய்ய முடியாது, நம் வலது கை காலியாக இருக்கும். தளர்வாகப் பிடித்தால் உருவிக்கொள்வார்கள், இறுக்கிப் பிடித்தால் வேர்த்து வழுக்கும். அந்த நடுவான பிடி வருவதற்குக் கொஞ்ச நாள் ஆகும். வந்துவிட்டால், கைதி ஓட நினைப்பது அவர் காலுக்குத் தெரிவதற்கு முன்னால் நம் விரலுக்குத் தெரிந்துவிடும்.

இப்படி நான் பிடித்த கைகளில் மறக்க முடியாதது அடைக்கலமேரியின் கை. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறவள். புருஷன் இல்லை, ஸ்டெல்லா என்று ஒரே மகள். மகளுக்குக் கடலூருக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயமும் ஆகியிருந்தது. அந்தச் சமயத்தில் ஒருநாள் ஏலத்தில் வாக்குவாதம். ஏலம் விடுகிறவர் இவள் கூடையைக் காலால் எத்தினார். இவள் அதே கூடையைத் தூக்கி அவரை அடித்தாள். அவர் பின்னால் சாய்ந்து, மேடை விளிம்பிலிருந்து கீழே நின்ற படகுக்குள் விழுந்தார். தலையில் அடி, நினைவில்லை. கொலை முயற்சி என்று வழக்குப் பதிவானது.

கைது செய்ய நானும் ஐயாவும் ஜீப்பில் போனபோது துறைமுகத்தில் விளக்கு போட்டுவிட்டார்கள். அடைக்கலமேரி ஏலக் கூடத்தில் கூடை கழுவிக்கொண்டிருந்தாள். ஐயா அவளைப் பார்க்கவில்லை, மேற்கே வானத்தைப் பார்த்தார். பொழுது சாய்ந்த பிறகு பெண்களைக் கைது செய்யக் கூடாது, செய்தே ஆக வேண்டுமென்றால் மாஜிஸ்திரேட்டிடம் எழுத்தில் அனுமதி வேண்டும் என்பதும் முன்பு வந்து அவருக்குப் பிடிக்காமல் போன சங்கதிகளில் ஒன்று. காலையில் வருகிறோம், எங்கேயும் போகக் கூடாது என்று அவளிடம் சொன்னார். அவள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நான் எங்கே சார் போவப்போறேன் என்றாள்.

காலையில் போனால் ஆள் இல்லை. மச்சான் படகில் ஏறிக் கடல் வழியாகப் போய்விட்டாள் என்றார்கள். ஸ்டேஷனுக்கு வந்து ஐயா நாற்காலியைத் தட்டாமலே உட்கார்ந்தார். அதை வைத்தே அவர் கோபத்தின் அளவு எங்களுக்குப் புரிந்தது.

சில நாள் கழித்து அவளாகவே ஸ்டேஷனுக்கு வந்தாள். ஒரு கையில் மாற்றுப் புடவைப் பை, மறுகையில் வாழை நாரில் கோத்த வஞ்சிரம். மீனை வெளியே வைத்துவிட்டு வாங்க என்றார் ஐயா. எங்கே போயிருந்தாள் என்று கேட்டதற்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு என்றாள். ஊரார் வாயால் போவதற்கு முன்னால் தானே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று போனாளாம். கேசு என் மேல, என் பொண்ணு மேல இல்ல, கல்யாணம் வேணுமா வேணாவான்னு இப்பவே சொல்லிடுங்க என்று அவர்கள் வாசலிலேயே நின்று கேட்டிருக்கிறாள். அவர்கள் யோசிக்க நேரம் கேட்டிருக்கிறார்கள். பதில் வரும்வரை அந்த ஊரிலேயே இருந்து, சரி என்ற பிறகுதான் திரும்பியிருக்கிறாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஐயா கைதுக் குறிப்பு எழுதினார், ஸ்டெல்லாவை வரவழைத்துச் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்தார், எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனால் அவரைப் பொறுத்தவரை, இவள் ஒருமுறை ஏமாற்றிப் போனவள். ஜாமீன் மனு வந்தபோது தலைமறைவானவர் என்று ஆட்சேபித்தார். நீதிபதி மனுவைத் தள்ளினார்.

அதற்குப் பிறகு சிறைக்கும் கோர்ட்டுக்கும் அவளைக் கூட்டிப்போவது என் வேலையாயிற்று. வேன் கிடைத்தால் வேன், இல்லாவிட்டால் டவுன் பஸ். மீன் அரிந்து அரிந்து அவள் உள்ளங்கையெல்லாம் வெட்டுத் தழும்பு, விரல்கள் மரம் மாதிரி. அந்தக் கையைப் பிடித்தால் நான்தான் பத்திரமாக இருப்பது போல எனக்கு ஒரு எண்ணம் வரும். ஒருநாள் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுப் பெரிய மார்க்கெட் வழியாக நடந்து வந்தோம். பூக்கட்டும் அம்மா எங்கள் கோத்த கையையும் என் யூனிபார்மையும் பார்த்துவிட்டு, "இன்னா மேரி, ஒம் பொண்ணு போலீசா?" என்று கேட்டாள். இவள் கொஞ்சமும் யோசிக்காமல், "ஆமா, மூத்தவ" என்றாள். நான் மறுக்கவில்லை. சந்தோஷத்தில் பூக்காரம்மா என் வலது கையில் ஒரு முழம் மல்லிகையைத் திணித்தாள். யூனிபார்மில் பூ வைக்க முடியாது. வாங்கி அடைக்கலமேரியின் தலையிலேயே வைத்துவிட்டேன்.

கல்யாண நாள் நெருங்கியது. தாயை ஒருநாள் மட்டும் காவலோடு அனுப்ப வேண்டும் என்று ஸ்டெல்லா மனுப் போட்டாள். ஐயா ஒரு மனுப் போட்டார். முன்பு கடல் வழியாகத் தப்பியவர், சர்ச் துறைமுகத்துக்குப் பக்கம், உறவினர்களிடம் படகுகள் இருக்கின்றன, ஆகவே விலங்கு பூட்ட அனுமதி வேண்டும் என்று அதில் இருந்தது. படித்துப் பார்த்தால் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் ஊர் திரண்டு வரும் இடத்தில், பெண்ணின் தாய் விலங்கோடு பீடத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். வழக்கைப் பொறுத்துக்கொண்டு சரி என்று சொன்ன குடும்பம் அந்தக் காட்சியையும் பொறுத்துக்கொள்ளுமா? அடைக்கலமேரி தீர்மானமாக இருந்தாள். விலங்கு என்றால் நான் வரப்போவதில்லை, சிறைக்குள்ளேயே ஜெபம் சொல்லிக்கொள்கிறேன் என்று வரும் வழியில் என்னிடம் சொன்னாள். சொன்னபோது அவள் விரல்கள் என் விரல்களை நெரித்தன.

நீதிபதி அம்மா இரண்டு மனுவையும் படித்தார். ஐயாவிடம் எதுவும் கேட்கவில்லை. இந்த அம்மாவை இதுவரை கூட்டிவந்தது யார் என்றார். நான் முன்னால் போய் நின்றேன்.

"ஒரு தடவையாவது கையை உதறப் பாத்தாங்களா?"

ஐயா என் பக்கத்தில் விறைப்பாக நின்றார். அவர் பேனா சட்டைப் பையில் சரியாக மூடியிருந்தது என்பதைக்கூட நான் கவனித்தேன்.

"இல்லீங்கம்மா" என்றேன்.

விலங்கு வேண்டியதில்லை, பெண் காவலர் சாதாரண உடையில் உடன் போக வேண்டும், பொழுது சாய்வதற்குள் சிறையில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவானது. வெளியே வந்ததும் ஐயா என்ன செய்வாரோ என்று பயந்துகொண்டே நடந்தேன். அவர் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று கண்ணாடியைக் கழற்றினார். கேட்டதுக்கு உண்மையைச் சொன்னது சரிதான் என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆனால் அவங்க போயிட்டாங்கன்னா அறிக்கையில உங்க பேரைத்தான் எழுத வேண்டியிருக்கும் மங்கை என்றார். எழுதுவார் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். சஸ்பெண்ட் ஆனால் என் வீட்டில் அடுப்பு எரியாது. அன்று முழுக்க அதே நினைவாக இருந்தேன்.

கல்யாணத்தன்று ஆரஞ்சு நிறப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டேன். போலீஸ் வேலைக்குப் பட்டுப் புடவையில் போனது என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். முதலில் அவள் வீட்டுக்குப் போனோம். எங்கள் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் பெண் கோயிலுக்குப் புறப்படும் முன் பெற்றவர்கள் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வாதம் செய்வது வழக்கம். ஸ்டெல்லா வெள்ளைப் புடவையும் முக்காடுமாக வந்து முழங்காலிட்டாள். சிலுவை போட வேண்டியது வலது கையால். அந்த வலது கையோ என் இடது கையோடு கோத்துக்கிடக்கிறது.

விட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் விரலைத் தளர்த்துவதற்குள் அவள் கையைத் தூக்கிவிட்டாள். அவள் கையோடு என் கையும் போயிற்று. அவள் கட்டை விரல் மகளின் நெற்றியில் மேலிருந்து கீழாகவும் குறுக்காகவும் போட்ட சிலுவையில் என் கையும் கூடவே போய் வந்தது. மாரியம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறவள் நான். அன்றைக்கு நானும் சேர்ந்துதான் அந்தப் பெண்ணை ஆசீர்வதித்தேன். ஸ்டெல்லா நிமிர்ந்து இருவரையும் பார்த்து அழுதாள், நானும் அழுதேன். கூடியிருந்த சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வையில், இவள் மிக நெருங்கிய உறவாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டது தெரிந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த ஒரு பெரியவர் இருந்தார். அப்படிப்பட்டவர்களை இங்கே சொல்தா என்போம். அவர் கைத்தடியை ஊன்றி என்னிடம் வந்து, நீ எந்த வழியில் உறவு என்று விசாரித்தார். அடைக்கலமேரி முந்திக்கொண்டு, "மூத்தவ" என்றாள். அவர் மனக்கணக்கில் எதையோ கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, சரி என்று போய்விட்டார்.

கோயிலில் நாங்கள் முதல் பெஞ்சில் உட்கார்ந்தோம். திரும்பிப் பார்த்தால் கடைசி பெஞ்சில் ஐயா. வெள்ளைச் சட்டை, சாதாரண பேண்ட், கீழே பளபளவென்று போலீஸ் ஷூ. வாசலில் ஒரு கண், எங்கள் மேல் ஒரு கண். எல்லோரும் எழும்போது எழுந்தார், முழங்காலிடும்போது கொஞ்சம் யோசித்துவிட்டு அவரும் முழங்காலிட்டார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் பேண்டு வாத்தியம் ஆரம்பித்தது. படிக்கட்டில் போட்டோ எடுத்தார்கள். அந்தக் கூட்டம், இந்தக் கூட்டம் என்று எல்லாவற்றிலும் நான் இருந்தேன், கோத்த கையை விட முடியாதே. கடைசியில் போட்டோகிராபர் பொறுமை இழந்து, ஆரஞ்சுப் புடவை அக்கா கொஞ்சம் தள்ளிக்குங்க, அம்மாவும் பொண்ணும் மட்டும் ஒண்ணு எடுத்துக்கிறேன் என்றான். அவள் என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். தாயும் மகளும் மட்டும் இருக்கிற ஒரு படம் அந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கையை விட்டேன். படியிறங்கி ஓரமாக நின்றேன்.

படம் எடுத்த அதே நிமிடம் மாப்பிள்ளை வீட்டார் மாலைகளோடு படியேறினார்கள். வெடி வெடித்தது, எல்லோரும் ஒரு பக்கம் நெருக்கினார்கள். புகை கலைந்து நான் பார்த்தபோது படியில் ஸ்டெல்லா இருந்தாள், மாப்பிள்ளை இருந்தார், அடைக்கலமேரி இல்லை.

கேட் திறந்து கிடந்தது. வெளியே ஆட்டோக்கள், அதற்கு அந்தப் பக்கம் துறைமுகம், துறைமுகம் நிறையப் படகுகள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன். எதிரே வந்த சொல்தா பெரியவரிடம் கல்யாணப் பெண்ணின் அம்மா எங்கே என்று மூச்சிரைக்கக் கேட்டேன். அவர் கைத்தடியைத் தூக்கிக் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த வேப்பமரத்தைக் காட்டினார்.

அங்கே ஐயா நின்றுகொண்டிருந்தார். அவருடைய ஒரு கையை அடைக்கலமேரி பிடித்துக்கொண்டிருந்தாள். விரலோடு விரல் கோத்து, கட்டை விரலால் மேலே ஒரு அழுத்து. அச்சு அசலாக என் பிடி. ஐயா மறுகையைத் தோளுக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், தான் எதையும் செய்யவில்லை என்பதற்கு அடையாளமாக. அவர் முகத்தில் அப்படி ஒரு தவிப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"மங்கை, சீக்கிரம் வாங்க. சட்டப்படி நான் இவங்களத் தொடக் கூடாது" என்றார்.

"நீங்க எங்க சார் தொட்டீங்க? நான்தான தொட்டேன்" என்றாள் அடைக்கலமேரி.

பிறகு என்னிடம் திரும்பி விளக்கினாள். கூட்டத்தில் என்னைக் காணவில்லையாம். போலீஸ் கை இல்லாமல் தனியாக நின்றால் ஓடப் பார்க்கிறாள் என்று யாராவது நினைத்துவிடுவார்கள், மூத்தவளுக்கு வேலை போய்விடும் என்று சுற்றிப் பார்த்தாளாம். பளபளவென்ற ஷூ கண்ணில் பட்டதாம். போய்ப் பிடித்துக்கொண்டாளாம். ஐயா விடச் சொல்லி மன்றாடியிருக்கிறார். மங்கை வந்தாத்தான் விடுவேன் என்று சொல்லிவிட்டாள். நான் கையை நீட்டினேன். ஒரு கையை விட்டு மறு கையைப் பிடித்தாள், இடையில் ஒரு நொடிகூட இல்லை. ஐயா கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, துடைக்காமலே பையில் வைத்துவிட்டார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு பூசையில் முழங்காலில் நின்றதைவிடப் பெரிய பாடு. இதற்குள் போட்டோகிராபர் அங்கேயும் வந்து ஒரு படம் எடுத்துவிட்டுப் போயிருந்தான்.

பந்தியில் அவள் வலது கையால் சாப்பிட வேண்டும் என்று இடம் மாறி உட்கார்ந்து அவள் இடது கையை என் வலது கையால் பிடித்தேன். அதனால் நான் இடது கையால் பிரியாணி சாப்பிட நேர்ந்தது. வெயில் இருக்கும்போதே சிறை வாசலில் அவளை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினேன். கையை விட்டதும் என் விரல்களுக்கு வேலை இல்லாமல் போன மாதிரி இருந்தது.

அடுத்த முறை ஜாமீன் மனு வந்தபோது, போலீஸ் தரப்பில் என்ன சொல்கிறீர்கள் என்று நீதிபதி அம்மா கேட்டார். ஐயா எழுந்து நின்றார்.

"தப்பிக்க வாய்ப்பு இருந்துச்சும்மா. அவங்க தப்பிக்கல. ஆட்சேபணை இல்ல."

அவள் வெளியே வந்தாள். ஏலக்காரர் பிழைத்து எழுந்து, தான் முதலில் கூடையை எத்தியதைக் கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். கொலை முயற்சி நிற்கவில்லை. காயப்படுத்தியதற்கு, அவள் உள்ளே இருந்த நாட்களையே தண்டனையாகக் கழித்துவிட்டார்கள். இன்றைக்கும் அவரிடம்தான் ஏலத்தில் மீன் எடுக்கிறாள், இன்றைக்கும் அவரோடு சண்டைதான். ஆனால் கூடை தரையிலேயே இருக்கிறது. நான் போனால் எனக்கென்று ஒதுக்கி வைத்த மீன் இருக்கும். ஸ்டெல்லா வீட்டுச் சுவரில் தாயும் மகளும் மட்டும் இருக்கிற படம் மாட்டியிருக்கிறது. பக்கத்திலேயே வேப்பமரத்தடிப் படமும் இருக்கிறது. கை தூக்கி நிற்கிற அந்த வெள்ளைச் சட்டைக்காரரை ஸ்டெல்லாவின் பிள்ளைகள் ஏதோ ஒரு மாமா என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் திருத்தவில்லை.

விலங்கு கூடாது என்று தீர்ப்பு எழுதிய நீதிபதிகள் எங்களை மாதிரி ஆட்களை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். கைதியின் மரியாதையை நினைத்துத்தான் எழுதினார்கள். ஆனால் விலங்கு போன இடத்தில் ஒரு கை வேண்டியிருந்தது, அது என் கையாக இருந்தது. அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

திவ்யா புதுச் சட்டத்தைச் சொல்லிவிட்டுப் போன மறுநாள் ஐயாவுக்குப் போன் செய்தேன். வயதாகிவிட்டது, காது கொஞ்சம் மந்தம், குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. விலங்கு திரும்பி வந்துவிட்டதே, சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். எந்தெந்தக் குற்றத்துக்குப் போடலாம் என்று திவ்யா சொன்னதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ரோல் காலில் நாங்கள் கேட்டது போலவே, குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைக்கும் சத்தம் போனில் கேட்டது.

"எனக்குப் புடிக்கல" என்றார்.

'நாளையிலேர்ந்து செய்ங்க' என்ற அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். பழக்க தோஷம், என் முதுகுகூட நிமிர்ந்துவிட்டது. அது வரவில்லை. பிறகு அவர், அந்தம்மா எப்படி இருக்காங்க, மீன் நல்லா வருதா என்று கேட்டார்.